ஒரு போன், ஒரு ஆள் என்று யார் சொன்னது?

சென்ற மாதம் வந்த கடிதங்களிலேயே நீளமானது இதுதான், ஐந்து பக்கம். எழுதியவர் 28 வயதுப் பெண். மானுடவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பயன்படுத்துகிறவர்களை நேரில் பார்த்து ஆராயும் 'யூசர் ரிசர்ச்' பிரிவில் வேலை பார்க்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய நிறுவனம் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்காக ஒரு செயலி தயாரிக்கிறது. வாரச் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் நோட்டிலிருந்து போனுக்கு மாற வேண்டும் என்பது திட்டம். வட மாவட்டம் ஒன்றில் இரண்டு குழுக்களிடம் சோதனைக்குக் கொடுத்தார்கள். ஆறு வாரம் ஆகியும் பாதிப் பேர் உள்ளேயே வரவில்லை. வந்த கணக்குகளில் பலவும் ஒரே போனிலிருந்து வந்தவை. "என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்று வாசகியை நான்கு நாள் அனுப்பியிருக்கிறார்கள். 14 பெண்களிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

பார்த்தது இது. பலருக்கு 'என் போன்' என்று ஒன்று கிடையாது. இருப்பது வீட்டுப் போன். பகலில் கணவரோடு வேலைக்குப் போய்விடும், இரவில் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். ஓர் அம்மாவின் ஓடிபி திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போகிறது. அவன் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்கிறான். அதற்குள் அது காலாவதி ஆகிவிடுகிறது. குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் அக்கா அலுத்துப்போய், ஒன்பது பேருடைய கணக்கையும் தன் போனிலேயே திறந்து, கடவுச்சொற்களைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

திரும்பி வந்து அறிக்கை கொடுத்தால், "14 பேரை வைத்து என்ன சொல்ல முடியும்? ரெண்டு பெர்சோனா போட்டுக் கொடு, போதும்" என்கிறார் மேலாளர். (பெர்சோனா என்றால், பயன்படுத்துகிறவர்களுக்கு மாதிரியாகப் பெயர், வயதோடு வரையும் ஒரு கற்பனை ஆள்.) முகத்தைக் காட்டினால் மட்டும் திறக்கும் பூட்டு வைத்தால் பெண்கள் கணக்கு பெண்களிடமே இருக்கும் என்பது வாசகியின் பரிந்துரை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கணவருக்குத் தெரியாமல் ஒரு தொகையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்திருப்பதாக ஒரு பெண் வீடியோவில் சொல்லிவிட்டார். "இது என்கிட்டயே இருக்கும் அக்கா" என்று வாசகி வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது எல்லா வீடியோவையும் நிறுவனத்தின் பொது ஃபோல்டரில் போடச் சொல்கிறார்கள். அழித்துவிட்டு 'ஃபைல் கெட்டுப்போச்சு' என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறார். இதற்கு நடுவில் பழைய பேராசிரியர் ஒருவர், "நீ செய்வது மானுடவியலே இல்லை, கம்பெனிக்கு ஒற்று வேலை" என்று சொல்லிவிட்டாராம். வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி.க்குப் போய்விடலாமா என்றும் கேட்கிறார். அறிக்கையையும் களக் குறிப்புகளையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பென்சில் எழுத்து. உங்கள் மேலாளர் அதைப் 'பாதுகாப்புக் குறைபாடு' என்று குறித்திருக்கிறார், நீங்கள் 'விழிப்புணர்வு இல்லாமை' என்று குறித்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு திருத்தமாகத் தெரிகிறது. நீங்கள் செய்து கொடுத்த செயலி 'ஒரு போன், ஒரு ஆள்' என்ற கணக்கில் நிற்கிறது. அந்த ஊரில் போன் குடும்பத்துடையது, கணக்கு குழுவினுடையது. இரண்டும் பொருந்தவில்லை. பொருந்த வைக்கும் வேலையை ஊக்குநர் அக்கா ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்து முடித்துவிட்டார். உங்கள் பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

இந்தத் தொழிலில் இருபது வருடம் ஆகிறது எனக்கு. ஆரம்பத்தில் நானும் "போன் யாருடையது?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். "என்னுதுதான்" என்பார்கள், எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். ஒருமுறை, அப்படிச் சொன்ன ஒரு அம்மாவிடம் "கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். அவர் எழுந்து போய், கொழுந்தனார் மகன் தூங்கிக்கொண்டிருந்த அறை வாசலில் நின்று, கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, "அப்புறம் காட்டுறேன்" என்று திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது: ராத்திரி போன் எங்கே இருக்கும்? யார் சார்ஜ் போடுவார்கள்? யாரைக் கேட்டு எடுப்பீர்கள்? அடுத்த முறை போகும்போது நீங்களும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

14 பேர் போதுமா?

எதற்கு என்பதைப் பொறுத்தது. 'தமிழ்நாட்டில் எத்தனை பெண்கள் போனைப் பகிர்ந்துகொள்கிறார்கள்' என்று சொல்ல 14 பேர் போதாது. 'பகிர்ந்துகொள்ளும் போனில் ஓடிபி எங்கே சிக்குகிறது' என்று சொல்ல தாராளமாகப் போதும். இந்த இரண்டையும் குழப்பியது மேலாளர் மட்டும் இல்லை. உங்கள் அறிக்கையில் '78 சதவீதப் பெண்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். 14-க்கு 11 என்பதைச் சதவீதமாக்கினால், புள்ளிவிவரக்காரர்களுடைய மைதானத்தில் நீங்களே போய் நின்று தோற்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். '14 பேரில் 11 பேர்' என்று எழுதிவிட்டு, அந்த 11 பேருடைய வீட்டில் போன் காலையிலிருந்து இரவு வரை யார் யார் கைக்குப் போகிறது என்று ஒரு படம் வரைந்து காட்டுங்கள்.

மேலாளரிடம் சொல்ல ஒரு கதை தருகிறேன். 1980-களின் தொடக்கம், அமெரிக்காவில் பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகம். புதிதாக வந்த நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி, 'ரொம்பச் சிக்கலாக இருக்கிறது' என்று வாடிக்கையாளர்கள் புகார். பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும் என்றுதான் விளம்பரமே. லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் அப்போது அங்கே இருந்தார். அந்த இயந்திரத்தின் முன்னால் இரண்டு பேரை நிறுத்தி, அவர்கள் நகலெடுக்கத் திண்டாடுவதை வீடியோ எடுத்தார். இரண்டு பேரும் சாதாரண ஆட்கள் இல்லை, கணினித் துறையில் பெயர் பெற்ற விஞ்ஞானிகள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு 'ஜனங்களுக்குப் படிப்பு பத்தாது' என்று யாரும் சொல்ல முடியவில்லை. ஆள் அடுத்து என்ன செய்வார் என்று இயந்திரம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது, ஆளோ அந்தந்த நேரத்துக்குத் தோன்றியதைச் செய்துகொண்டு போகிறார், இடையில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன என்று சச்மன் காட்டினார். அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டவர்கள் இரண்டே பேர். உங்களிடம் ஏழு மடங்கு இருக்கிறார்கள்.

பெர்சோனா கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதில் சண்டை வேண்டாம். ஆனால் 'லட்சுமி, 42, ஐந்தாம் வகுப்பு, தொழில்நுட்பப் பயம் உண்டு' என்று ஓர் ஆளை வரையாதீர்கள். வரைந்தால் ஒரு வீட்டை வரையுங்கள். லட்சுமி, அவருடைய கணவர், திருப்பூர் மகன், பத்தாவது படிக்கும் மகள், பக்கத்து வீட்டு அக்கா, இவர்களுக்கு நடுவில் ஒரு போன். அந்தப் படத்தில் 'யூசர்' யார் என்று வட்டம் போடச் சொல்லுங்கள். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள், பாருங்கள்.

பூட்டு வைத்தால் தீருமா?

இங்கேதான் உங்களோடு கொஞ்சம் முரண்படுகிறேன். பகிர்ந்த போன் என்றாலே பெண்ணிடமிருந்து பிடுங்கப்பட்ட போன் என்று எடுத்துக்கொண்டீர்கள். சில வீடுகளில் அது உண்மை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே, "என் மகன் பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்று ஒரு அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே! அவர் மகனை வேலைக்கு வைத்திருக்கிறார். எழுத்துத் தெரிந்த பிள்ளையை வைத்துக் கடிதம் எழுதச் சொன்ன பாட்டிகளின் வழக்கம்தான் இது. முகப்பூட்டு வைத்தால் அந்த உதவி அறுந்துபோகும். திருப்பூரில் இருக்கும் மகனுக்கு அம்மாவின் முகம் எங்கே கிடைக்கும்?

போனை நிஜமாகவே கண்காணிக்கும் வீட்டிலும் பூட்டு காப்பாற்றாது. "இதுல மட்டும் என்ன பூட்டு?" என்ற கேள்வி அன்றைக்கே வரும். நித்யா சாம்பசிவன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. போனை வீட்டாரோடு பகிர வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு நடுவில் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அதில் விரிவாகப் பார்த்தார்கள். சிலர் பூட்டுச் செயலி வைக்கிறார்கள். அதைவிட நுட்பமாக, குறிப்பிட்ட குறுஞ்செய்தியையோ தேடல் வரலாற்றையோ மட்டும் அழித்துவிட்டுப் போனைச் சாதாரணமாக நீட்டுகிறார்கள். பூட்டினால் சந்தேகம் வரும், பூட்டாமல் கொடுத்தால் வராது. அப்படியானால் உங்கள் செயலி செய்ய வேண்டியது என்ன? முதல் திரையில் தொகை தெரியக் கூடாது. குறுஞ்செய்தியில் 'உங்கள் சேமிப்பு இருப்பு இவ்வளவு' என்று வரக் கூடாது. 'குழுக் கணக்கு புதுப்பிக்கப்பட்டது' என்று வந்தால் போதும். ஒரே போனில் நான்கைந்து உறுப்பினர் கணக்கு இருக்கலாம், அது முறைகேடு இல்லை என்று செயலி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனியாக நான்கு இலக்க எண், மறந்தால் வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மாற்றிக்கொள்ள ஒரு வழி.

இதெல்லாம் யாரும் செய்யாத அதிசயம் இல்லை. உகாண்டாவில் ஒரே போனைப் பலர் பயன்படுத்துவதை நோக்கியாவின் ஆய்வாளர்கள் 2006-இல் போய்ப் பார்த்தார்கள். 2007-இல் வந்த நோக்கியா 1200-இல் ஒரே போனுக்குள் தனித்தனியாகப் பல முகவரிப் புத்தகங்கள் இருந்தன. ஒரு அழைப்புக்கு இவ்வளவு நேரம்தான் என்று வரம்பு வைத்துக்கொள்ளவும் முடிந்தது. அப்போது ஸ்ரீபெரும்புதூரில் அந்த நிறுவனத்தின் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்த வசதியைக் கவனித்திருப்பார்களோ! பிறகு ஸ்மார்ட்போன் வந்து, 'ஒரு ஆள்' மறுபடியும் திரும்பி வந்துவிட்டார்.

நோட்டைச் சத்தமாக வாசிப்பது

உங்கள் குறிப்பில் நான்கே வரியில் கடந்துபோன ஒரு விஷயத்தில்தான் என் கண் நின்றது. கூட்டத்தில் ஊக்குநர் வரவு செலவு நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிக்கிறார். 'சரோஜா, நூறு. உண்ணாமலை, நூறு. காந்திமதி, போன வாரம் பாக்கி ஐம்பது, இந்த வாரம் நூறு, ஆக நூற்றைம்பது.' நடுவில் ஒருவர் பூ கட்டிக்கொண்டிருக்கிறார், ஒருவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார். யாரும் கவனிக்காத மாதிரிதான் இருக்கும். ஆனால் காந்திமதியின் பாக்கி ஐம்பதா அறுபதா என்று தவறிப் படித்துவிட்டால் போதும், மூன்று குரல் ஒரே நேரத்தில் எழும். உங்கள் குறிப்பில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 'குறுக்கீடு, தெளிவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

தணிக்கை என்பது அதுதான் அம்மா. 12 பேருடைய ஞாபகம் அந்த நோட்டைக் காவல் காக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதில் முழுப் பங்கு எடுக்கிறார், காதால் கேட்டே. 1989-இல் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் இந்தக் குழுக்கள் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து நோட்டும் கூட்டமும் சேர்ந்தேதான் வந்திருக்கின்றன. நீங்கள் நோட்டை மட்டும் தூக்கி, ஆளுக்கு ஒரு திரையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது தன் கணக்கைத் தான் மட்டும் பார்க்கலாம், அதுவும் படிக்கத் தெரிந்தால். மற்றவர் கணக்கில் தப்பு வந்தால் கேட்க ஆளில்லை. இதைத் தனியுரிமை என்று உங்கள் அறிக்கை பாராட்டுகிறது. குழுவில் இருக்கும் பெண்கள் அதை 'ஊக்குநர் என்ன எழுதுறாங்கன்னு தெரியல' என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்பப் படித்துப் பாருங்கள்.

அதனால் உங்கள் முதல் பரிந்துரை முகப்பூட்டாக இல்லாமல், கூட்ட நேரத்தில் கணக்கைச் சத்தமாக வாசிக்கும் வசதியாக இருக்கட்டும். ஒரே போன், நல்ல ஒலி, ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சிறிது இடைவெளி. யாராவது மறுத்தால் அங்கேயே நிறுத்தித் திருத்த முடிய வேண்டும்.

புதுச்சேரிப் பக்கம் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில் கடல் அலை உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். வலையைச் சரிசெய்துகொண்டிருப்பவர் எழுந்து வர வேண்டியதில்லை, கணினி முன்னால் உட்கார வேண்டியதில்லை. ஒரு கணினி, ஒரு குரல், ஊர் முழுக்கக் காது. அந்த ஒலிபெருக்கியைச் சேர்க்க யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் செய்தி எப்படிப் பரவுகிறது என்று பார்த்தவர்கள் செய்த வேலை அது.

குழுக்கடன் விஷயத்திலேயே இன்னொன்று. கென்யாவின் எம்-பெசாவை எல்லோரும் பணம் அனுப்பும் சேவையாகத்தான் அறிவோம். 2005-இல் சோதித்தபோது அது சிறுகடன் தவணையைப் போனில் கட்டுவதற்கான ஏற்பாடு. கொடுத்த பிறகு பார்த்தால், மக்கள் ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்புகிறார்கள், பயணம் கிளம்புமுன் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். 'தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்' என்று அதைத் தடுத்திருக்கலாம். தடுக்காமல் அதையே முன்னால் கொண்டுவந்து, 2007 மார்ச்சில் பணம் அனுப்பும் சேவையாக வெளியிட்டார்கள். உங்கள் பென்சில் பக்கமும் அப்படிப்பட்ட ஒரு 'தப்பு'தான்.

பெயர்க் கட்டம்

'குடும்பப் பெயர்' கட்டத்தில் சிலர் கணவர் பெயரும், சிலர் அப்பா பெயரும், ஒருவர் வெறும் புள்ளியும் போட்டிருப்பதைத் 'தரவுப் பிழை' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் இருக்கிறது. பான் கார்டு விண்ணப்பத்தில் அதை விரித்து எழுதச் சொன்னபோது எரிச்சல் வந்ததா இல்லையா? அந்தப் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் ஓர் இனிஷியல், பின் ஓர் இனிஷியல். ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் வேறு. புள்ளி வைத்தவர்தான் நியாயமாக நடந்துகொண்டவர், இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டார். கட்டத்தை எடுத்துவிட்டு ஒரே வரியில் பெயர் கேளுங்கள். குழுவில் இரண்டு லட்சுமி இருந்தால் 'டீக்கடை லட்சுமி', 'மேட்டுத்தெரு லட்சுமி' என்று அவர்களே வைத்திருக்கும் அடையாளத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

அந்த வீடியோ

முதலில், தயவுசெய்து அழிக்காதீர்கள். பொய்யும் சொல்லாதீர்கள். வேலை நேரத்தில் எடுத்த பதிவு பெரும்பாலும் ஒப்பந்தப்படி நிறுவனத்தினுடையது. ரகசியமாக அழித்தது தெரிந்தால் நடவடிக்கை உங்கள் மேல் வரும், அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்காகப் பேச உங்களால் முடியாது.

நேர்வழி இருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, கடமைகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும், எதற்கு என்று தெரிந்தும், அந்தக் குறிப்பிட்ட காரியத்துக்காக மட்டும் கொடுப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு கொடுக்க வேண்டும், தமிழ் அதில் உண்டு. கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். நீங்கள் கையெழுத்து வாங்கியது ஆங்கிலப் படிவத்தில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சுட்டிக்காட்டி மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: படிவத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது, நிறுவனத்துக்கே இது ஆபத்து, தமிழில் புதிதாக ஒப்புதல் வாங்கும்வரை பதிவுகளைப் பொது ஃபோல்டரில் போட வேண்டாம். இப்படி எழுதினால் கேட்பார்கள். அறத்தைச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள் ஆபத்து என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள், என் அனுபவம் அது.

பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். போன் வேண்டாம், போன் யார் கையில் இருக்குமோ! "நீங்க சொன்னது வீடியோல இருக்கு, ஆபீஸ்ல நாலு பேர் பார்ப்பாங்க, வேணாம்னா எடுத்துரச் சொல்லலாம்" என்று சொல்லுங்கள். அவரே ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் உங்கள் கை பலப்படும். அறிக்கையில் அவர் பெயரை மாற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 12 பேர் இருக்கும் குழுவில், 'இரண்டு மாடு வைத்திருக்கும், மூத்த மகன் கல்லூரியில் படிக்கும் உறுப்பினர்' என்றால் ஊருக்கே ஆள் தெரியும். அந்தத் தகவல் வடிவமைப்புக்குத் தேவையா என்றும் கேட்டுப் பாருங்கள். 'வீட்டாருக்குத் தெரியாத சேமிப்பு இருக்கக்கூடும், திரையில் தொகை காட்டாதீர்கள்' என்ற ஒரு வரி போதும். யார், எவ்வளவு, எந்த அக்காவிடம் என்பது யாருக்கும் தேவையில்லை.

உங்கள் பேராசிரியரின் 'ஒற்று' என்ற சொல் கொஞ்சம் கடுமைதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போரில் சிலர் மானுடவியல் ஆய்வு என்ற பெயரில் உளவு பார்த்ததை 1919-இல் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானுடவியலாளர் பத்திரிகையில் வெளிப்படையாகக் கண்டித்தார். அமெரிக்க மானுடவியல் சங்கம் உளவு பார்த்தவர்களை விட்டுவிட்டு அவரைத்தான் கண்டித்தது. அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற 2005 வரை ஆனது. நடுவில் 1971-இல், யாரை ஆராய்கிறோமோ அவர்களுக்கே முதல் பொறுப்பு என்று அதே சங்கம் எழுதி வைத்தது. அந்தப் பொறுப்பு பல்கலைக்கழகத்தில் இருந்தாலும் உண்டு, நிறுவனத்தில் இருந்தாலும் உண்டு. நிறுவனத்தில் கடைப்பிடிப்பது கூடுதல் சிரமம், அவ்வளவுதான்.

வேலையை விடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ஜெனிவீவ் பெல் என்ற மானுடவியலாளர் 1998-இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தபோது, அவருக்குக் கொடுத்த பொறுப்பு இரண்டு: 'பெண்களைப் பற்றிச் சொல்லு', 'அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் உலகத்தைப் பற்றிச் சொல்லு'. உங்கள் மேலாளர் இரண்டு பெர்சோனாதான் கேட்கிறார், பரவாயில்லை! பெல் அங்கேயே பல வருடம் இருந்து, பெரிய ஆய்வுக் குழுவையே கட்டினார். உங்களுக்கும் அப்படித்தான் அமையும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. மேலே சொன்ன மின்னஞ்சலுக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். ஒப்புதல் விஷயத்தில் 'அதெல்லாம் யார் பார்க்கப்போறாங்க' என்று பதில் வந்தால், அப்போது வேறு வேலை தேடத் தொடங்கலாம். பிஎச்.டி. அதற்குப் பிறகும் இருக்கும்.

அதற்கு முன் நிறுவனத்திடம் இன்னும் மூன்று நாள் பயணம் கேளுங்கள். நீங்களும் அதே மாவட்டம், அதனால் ஊர் உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். மொழி தெரியும், சரி. ஆனால் 14 பேரையும் ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் வைத்துத்தான் சந்தித்திருக்கிறீர்கள். அந்தத் திண்ணையில் யார் உட்காருவார்கள், யார் உட்கார மாட்டார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலனியிலிருந்து ஒருவர்கூட உங்கள் பட்டியலில் இல்லை. குழு உறுப்பினர் பட்டியலில் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் சேமிப்பை யாரிடம் கொடுத்து அனுப்புகிறார்கள், கணக்கு வாசிக்கும்போது எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் சத்தமாக வாசிக்கச் சொன்ன யோசனையே அவர்களைப் பார்த்த பிறகு மாறலாம்.

கடைசியாக, பேசிய 14 பேருக்கும் நிறுவனம் ஆளுக்கு 500 ரூபாய்க்கு ஆன்லைன் பரிசுக் கூப்பன் அனுப்பச் சொல்கிறது, சரியா என்று கேட்டிருந்தீர்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பேசினார்கள், கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கையில் ரொக்கமாகக் கொடுங்கள். கூப்பனைப் பயன்படுத்த ஓடிபி வரும், அது திருப்பூருக்குப் போய்விடும்.